வாவிக்கரை வரலாறு – 14: இலண்டனுக்குப் போன பாட்டுக் கொப்பி

1904ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகம் இலங்கையிலிருந்து வந்த ஏட்டுச் சேகரம் ஒன்றை விலைக்கு வாங்கியது. அதில் 2,200க்கு மேற்பட்ட சுவடிகள் இருந்தன. பெரும்பாலானவை சிங்கள ஓலைச்சுவடிகள்: கவிகள், சடங்குப் பாட்டுகள், மருத்துவம், சோதிடம், பௌத்த நூல்கள். அந்த ஓலைக்கட்டுகளோடு உரோம எழுத்தில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப்படியும் கூடவே போய்ச் சேர்ந்தது. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் தங்கள் வீட்டுமொழியில் பாடிய நாலடிப் பாட்டுகள் அதில் நூற்றுக்கணக்கில் இருந்தன. இன்று இலங்கை முழுவதும் மேடைக்கு மேடை அதிரும் பைலாவின் பழைய சொற்களைத் தேடுபவர் திறக்க வேண்டிய முதற் புத்தகம் அது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அது பெரும்பாலும் திறக்கப்படாமலே கிடந்தது.

சேகரத்துக்கு உரியவர் ஹியூ நெவில். 1865இல் இலங்கைக்கு வந்து, பின்னர் குடியியற் சேவையில் சேர்ந்து, தீவின் பல பகுதிகளில் பதவி வகித்த ஆங்கிலேயர். சிப்பி, சங்கு சேர்ப்பதில் தொடங்கிய ஆசை கல்வெட்டு, சுவடி, ஊர்க்கதை, சாதி வழக்கம் என்று விரிந்தது. 1885இல் 'தப்ரபேனியன்' என்ற ஆய்விதழைத் தொடங்கி, அதன் பக்கங்களில் பெரும்பகுதியைத் தாமே எழுதி நிரப்பினார். கிழக்குக் கரையின் வன்னிமைகள், முக்குவர் வழக்காறுகள், வேடர் என்று அவர் தொடாத பொருள் குறைவு. அவசர முடிவுகளும் துணிச்சலான சொல்லாராய்ச்சியும் அவர் எழுத்தில் உண்டு. ஆனால் சேர்ப்பவராக அவர் எதையும் இழிவென்று ஒதுக்கவில்லை. கொழும்பின் படித்த பறங்கியரே 'உடைந்த போர்த்துக்கேயம்' என்று கூச்சப்பட்ட மொழியின் பாட்டுகளைப் புனித நூல்களோடு ஒரே பெட்டியில் கட்டிவைத்தவர் அவர். 1897இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பிய அவர் அதே ஆண்டில் பிரான்சில் இறந்தார். சேகரத்துக்கு விளக்கம் எழுதி முடிக்கும் வேலை அப்படியே நின்றது.

கையெழுத்துப்படியில் மட்டக்களப்புப் போர்த்துக்கேயரின் பாட்டுகள் என்று ஒரு பகுதி. கப்ரிஞ்ஞா, அதாவது காப்பிரிகளின் பெயரோடு வழங்கும் துள்ளற் பாட்டுகள் என்று இன்னொரு பகுதி. இவற்றோடு, பாட்டுக் கொப்பிக்குள் யாரும் எதிர்பார்க்காத ஒரு பழங்கதையும் உண்டு. அந்தக் கதைக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் ஓர் இடம் இருப்பதால் அதைச் சற்றுப் பின்னால் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாடியவர்கள் யார்? போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பு வாவியின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தாண்டு கழிந்து, 1638 மே மாதம், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். தீவில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த முதல் கோட்டை இதுதான். கொடி மாறியது, கோட்டையை அண்டி வாழ்ந்த குடும்பங்கள் முழுவதும் மாறவில்லை. போர்த்துக்கேயத் தந்தைக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பிறந்தவர்கள், அவர்களைச் சார்ந்திருந்தவர்கள், பின்னால் ஒல்லாந்தக் கம்பனிச் சேவைக்கு வந்து இங்கேயே மணம் முடித்தவர்கள் எல்லாரும் காலப்போக்கில் ஒரே சமூகமானார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். போர்த்துக்கேய மொழியையும் ஒழிக்கப் பார்த்தார்கள். மொழி விஷயத்தில் தோற்றவர்கள் அவர்களே. அவர்களுடைய பிள்ளைகளே ஆயாவிடமும் அடிமைகளிடமும் போர்த்துக்கேயத்தைக் கற்று வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள். ஆங்கிலேயர் வந்த பிறகும் அது துறைமுகங்களின் பொதுமொழியாகவே இருந்தது. 1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரிகள் அந்த மொழியைக் கற்றுப் பிரசங்கம் செய்யவும், 1820களில் புதிய ஏற்பாட்டை அதில் அச்சிடவும் நேர்ந்தது அதனால்தான்.

அந்த மொழி தமிழுக்குள் விட்டுச் சென்ற சொற்களுக்குக் கணக்கு வேறு. வாவியின் மேற்குக் கரையில், பழுகாமத்தில், காலையில் பாண் வாங்கி, வாங்கில் குந்தி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துவாயால் முகம் துடைக்கும் ஒருவர் நாலு போர்த்துக்கேயச் சொல்லை வாயால் சொல்லாமலே கையாண்டு விடுகிறார். சாவி, மேசை, அலமாரி, சன்னல் தமிழ்நாட்டுக்கும் பொது. அலவாங்கும் கழுசானும் தவறணையும் ஈழத்தில் ஆழ வேரூன்றியவை. ஆனால் சொற்கள் போன வழி ஒருபக்கப் பாதையாக இருக்கவில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் மொழியைத் தமிழ் உள்ளிருந்தே மாற்றிப் போட்டது. போர்த்துக்கேயத்தில் வினை வாக்கியத்தின் நடுவில் வரும். இங்கே அது தமிழ்போல வாக்கியத்தின் முடிவுக்குப் போய்விட்டது. போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'பரா' என்ற சொல் இங்கே தேய்ந்து வெறும் 'ப' ஆகி, பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் 'கு' வரும் இடத்திலும் அதுதான், 'ஐ' வரும் இடத்திலும் அதுதான். சொல் லிஸ்பனிலிருந்து வந்தது, அதை அடுக்கும் முறை வாவிக்கரையில் பழகியது என்று கொள்ளலாம்.

கொழும்பு, காலிப் பறங்கியர் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். எழுதுவினைஞர் வேலை, சட்டம், மருத்துவம் என்று அந்த ஏணியில் ஏறியவர்களுக்குப் பாட்டியின் மொழி இடைஞ்சலாக இருந்தது. மட்டக்களப்பில் அந்த ஏணி குட்டை. தச்சுவேலை, இரும்பு வேலை, சப்பாத்துத் தைத்தல், பின்னால் மோட்டார் இயந்திரம் திருத்துதல் என்று கைத்தொழிலோடு நின்ற குடும்பங்கள் ஒரே தெருக்களில் நெருங்கி வாழ்ந்தன. தங்களுக்குள் மணம் முடித்தன. வெளியே தமிழ், கோயிலில் அந்தந்தக் காலத்து வழிபாட்டு மொழி, அடுப்படியிலும் கல்யாண வீட்டிலும் போர்த்துக்கேயம். மொழி பிழைத்துக் கிடந்ததற்கு ஏழ்மைதான் பெரிய காரணம் என்று சொன்னால் அது கசப்பான உண்மை. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1982இல் இச்சமூகத்தைப் பற்றி எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே 'ஒல்லாந்தப் பறங்கியர்' ஒரு பக்கமும் 'போர்த்துக்கேய மெக்கானிக்குகள்' மறுபக்கமும் நிற்பது இந்த வர்க்கப் பிளவைத்தான் காட்டுகிறது.

பாட்டுகளின் வடிவம் எளியது. நாலு அடி, ஒன்றுவிட்டு ஒன்று எதுகையோ இயைபோ ஒத்துவரும். காதல், கேலி, கடல், மோதிரம், பூ, பிரிவு. ஒருவர் ஒரு பாட்டை எடுத்துவிட்டால் எதிரிலிருப்பவர் அதற்கு ஈடாக ஒன்றை எடுத்துவிட வேண்டும். மனதில் இருக்கும் பழைய பாட்டும் எடுபடும், அந்த இடத்திலேயே சொல்லை மாற்றிக் கட்டியதும் எடுபடும். இதைப் படிக்கும் மட்டக்களப்பாருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வயற்காவற் பரணிலும், மாட்டுப்பட்டியிலும், முஸ்லிம் ஊர்களின் நெல் வட்டைகளிலும் ஆணும் பெண்ணுமாய் மாறி மாறிச் சொல்லப்பட்ட 'கவி'யும் நாலடிதான், அதன் வேலையும் இதுவேதான். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நிறுவ வழியில்லை. நாலடியில் வாதாடும் பழக்கம் போர்த்துக்கல்லிலும் உண்டு, தமிழிலும் உண்டு. இரண்டும் ஒரே வாவியின் கரையில் அருகருகே நூற்றாண்டுக் கணக்கில் கேட்டன என்பது மட்டும் உறுதி.

நெவிலின் படியின் பலம் சொற்களில் இருக்கிறது. மெட்டுக்கும் ஆட்டத்துக்கும் வேறொரு சான்றைப் பார்க்க வேண்டும். 1894இல் சி. எம். பெர்னாண்டோ என்பவர் இலங்கையின் இசை பற்றி ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் ஒரு கட்டுரை எழுதினார். போர்த்துக்கேய வழி வந்த இசையை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். 'சிக்கோத்தி' நிதானமானது, மிடுக்கானது. கப்ரிஞ்ஞா வேகமானது, கும்மாளமானது. சிக்கோத்தி மெல்ல மறைந்தது. கப்ரிஞ்ஞா பெருகியது. எந்த ஊரிலும் மிடுக்குக்கும் கும்மாளத்துக்கும் போட்டி வந்தால் நடப்பது இதுதான்.

'கப்ரிஞ்ஞா' என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் கடலுக்கு அப்பால் இன்னொரு கண்டம் தெரிகிறது. அரபு வணிகர் வாயிலிருந்து போர்த்துக்கேயர் எடுத்து ஆபிரிக்கருக்கு வைத்த பெயர் 'காப்ரே'. தமிழில் அதுவே காப்பிரி. அதனோடு 'இஞ்ஞா' என்ற செல்லக் குறுக்க விகுதி சேர்ந்து கப்ரிஞ்ஞா ஆயிற்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழியினர் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். 'மாஞ்ஞா' என்று அவர்கள் சொல்லும் பாட்டுகளின் சொற்களும், மட்டக்களப்புப் பறங்கியரின் மொழியைப் போல, போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது கலப்பு மொழிதான். ஆக, மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீட்டில் ஆடிய ஆட்டத்தின் பெயரிலேயே லிஸ்பனும் மொசாம்பிக் கரையும் ஒன்றாகக் கிடக்கின்றன. நெவிலின் படியில் இரண்டு வகைப் பாட்டும் ஒரே கட்டில் வந்திருப்பது அந்த உறவுக்கு எழுத்துச் சான்று.

தாளத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கப்ரிஞ்ஞா ஆறு எண்ணிக்கைக்குள் ஓடுவது. தகிட தகிட என்று வாயால் சொல்லிப் பார்த்தால் பாதி பிடிபட்டுவிடும். வித்தை என்னவென்றால், ஒரு கருவி அந்த ஆறை மூன்று மூன்றாக இரண்டு தடவை எண்ணும்போது இன்னொன்று அதையே இரண்டு இரண்டாக மூன்று தடவை எண்ணும். காலுக்கு இரண்டு, கைக்கு மூன்று. இரண்டும் உரசும் இடத்தில் ஒரு நொண்டல் பிறக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் தோளை முதலில் அசைப்பது அந்த நொண்டல்தான். பிடிலும் கிற்றாரும் மெட்டைக் கொண்டுபோகும், தோற்கருவி நொண்டலைக் காக்கும். சோடி சோடியாய் எதிரெதிரே நின்று ஆடுவார்கள்.

இந்தத் தாளம் கரையோரச் சிங்கள ஊர்களுக்குப் போய் 'பைலா' ஆனது. 'பைலார்' என்றால் போர்த்துக்கேயத்தில் ஆடுதல். பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பாஸ்டியன் (1914–1985) கப்ரிஞ்ஞா மெட்டுகளுக்குச் சிங்களச் சொல் போட்டு, எல்லாரும் சேர்ந்து பாடும் 'கோரஸ் பைலா'வுக்கு வழி திறந்தவர் என்று எண்ணப்படுகிறார். மேடையில் இருவர் எதிரெதிர் நின்று பாட்டாலேயே வாதாடும் 'வாத பைலா'வும் அந்தக் காலத்தது. அங்கே மறுபடியும் அதே எதிர்ப்பாட்டு வழக்கம் தலைநீட்டுவதைக் கவனிக்க வேண்டும். எம். எஸ். பெர்னாண்டோ, டெஸ்மன்ட் டி சில்வா என்று பெயர்கள் நீண்டன. மின்கிற்றாரும் ட்ரம்ஸும் வந்தன. 1969இல் தொடங்கிய ஜிப்சீஸ் இசைக்குழு அரை நூற்றாண்டுக்கு மேல் மேடையில் நின்றது. அதன் முகமாக விளங்கிய சுனில் பெரேரா 2021இல் மறைந்தபோது நாடே துக்கம் காத்தது. தமிழ்ப் பக்கத்தில் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போய், 'சிலோன் மனோகர்' என்ற பெயரையே அவருக்கு வாங்கிக் கொடுத்தது. மீன்கூடைப் பாட்டென்று அதைச் சிரித்துக்கொண்டே பாடியவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆறெண்ணிக்கையின் ஊர் தெரிந்திருக்கும்?

பைலா பற்றிப் பேச்சு வந்தால் 'ஐந்நூறு வருசத்துக்கு முன் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இலங்கையில் வழக்கம். அந்த வரியில் நடுவே முந்நூறு வருசம் விழுங்கப்பட்டுவிடுகிறது. போர்த்துக்கேயர் போனபின் அந்தப் பாட்டை யார் வைத்திருந்தார்கள், எந்த மொழியில், எந்தத் தொழில் செய்துகொண்டு, எந்த ஆட்டத்தோடு என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் நெவிலின் படியில்தான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் பாட்டு உயிரோடு இருந்தது, அது இருந்த இடங்களில் மட்டக்களப்பு முக்கியமானது என்று அந்தப் படி கையெழுத்துப் போட்டுச் சொல்கிறது.

இனி அந்தக் கதை. பாட்டுகளோடு படியில் இருப்பது 'ஓர்சனும் வலன்டைனும்' என்ற இடைக்காலப் பிரெஞ்சுக் கதையின் கிரியோல் வடிவம். கொன்ஸ்தாந்திநோபிள் சக்கரவர்த்தியின் மனைவிமீது பொய்ப்பழி விழுகிறது. நிறைமாதக் கர்ப்பிணியாக அவள் துரத்தப்படுகிறாள். காட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். ஒன்றைக் கரடி தூக்கிக்கொண்டு போய்த் தன் குட்டிகளோடு வளர்க்கிறது. மற்றது பிரான்சு மன்னன் பெபினின் அரண்மனையில் வளர்ந்து வீரனாகிறது. வளர்ந்தபின் காட்டு மனிதனை அடக்கிக் கட்டிக்கொண்டு வருபவன் அவன் உடன்பிறந்தவனே. ஐரோப்பாவின் சந்தைகளில் மலிவுப் பதிப்புகளாக நூற்றாண்டுகள் விற்ற கதை இது.

ஈழத்துத் தமிழ் நாவல் வரலாற்றைப் படித்தவர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது 1885இல். அடுத்து வந்தது, 1891இல், திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை'. ஓர்சன்தான் ஊசோன், வலன்டைன்தான் பாலந்தை. போர்த்துக்கேய மூலத்தைத் தழுவியது என்று இலக்கிய வரலாற்று நூல்கள் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எந்தப் போர்த்துக்கேயம் என்று கேட்பார் குறைவு. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அந்த நாளில் பறங்கியர் வாயில் வழங்கியது லிஸ்பன் மொழி அல்லவே. அதே தலைமுறையில், அதே கிழக்குக் கரையில், அதே கதை கிரியோலில் எழுத்து வடிவில் இருந்தது என்பதற்கு நெவிலின் படி சாட்சி. இன்னாசித்தம்பி அந்தப் படியைப் பார்த்தார் என்று இதனால் ஆகாது. அந்தக் கதை ஐரோப்பியப் புத்தகம் வழியாக மட்டுமே தமிழுக்கு வந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு மாற்று இருக்கிறது என்று ஆகும். பறங்கி வீட்டுத் திண்ணையில் சொல்லக் கேட்ட கதை தமிழ் நாவலாகியிருக்கக் கூடும். 'ஊசோன்' என்ற பெயரின் ஓசையே ஆங்கில உச்சரிப்பை விடக் கேட்ட பேச்சுக்கு நெருக்கமாக இருப்பதைக் கவனிக்கலாம். கிரியோல் கதையையும் தமிழ் நாவலையும் பக்கத்தில் பக்கம் வைத்து, நிகழ்ச்சி நிகழ்ச்சியாக ஒப்பிடும் வேலை கிழக்கிலேயே செய்யத்தக்கது.

இவ்வளவும் உள்ள ஒரு படி ஏன் கவனிப்பாரற்றுப் போயிற்று? சேகரம் இலண்டனுக்குப் போனதும் அதை நாடிப் போனவர்கள் சிங்கள இலக்கிய அறிஞர்கள். பி. ஈ. பி. தெரணியகல 1954–55இல் நெவில் சேர்த்த சிங்களக் கவிகளை மூன்று தொகுதிகளாகக் கொழும்பில் பதிப்பித்தார். கே. டி. சோமதாச 1987 முதல் 1995 வரை ஏழு தொகுதிகளில் சிங்களச் சுவடிகளுக்கு விரிவான பட்டியல் அமைத்தார். இரண்டும் பெரும் உழைப்பு, இரண்டின் கண்ணும் சிங்களத்தில். போர்த்துக்கேய அறிஞர் பக்கத்தில் கோவாவில் பிறந்த செபஸ்தியாவ் ரொடொல்போ தல்காது 1900இல் இலங்கைப் போர்த்துக்கேயம் பற்றிய அருமையான நூலை வெளியிட்டார். 1913இல் ஆசிய மொழிகளில் கலந்த போர்த்துக்கேயச் சொற்களைத் தொகுத்தபோது தமிழையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் முதல் நூல் வந்த நேரத்தில் நெவிலின் ஏடுகள் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேரவில்லை.

தமிழ்ப் பக்கம் இன்னும் வினோதம். 1960களின் தொடக்கம் மட்டக்களப்பு நூல்களுக்குப் பொற்காலம். 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா ஏட்டுப் பிரதிகளிலிருந்து 'மட்டக்களப்பு மான்மியம்' பதிப்பித்தார். அதே ஆண்டு சு. வித்தியானந்தன் 'அலங்காரரூபன்' என்ற தென்மோடிக் கூத்தை அச்சேற்றினார். மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களும் அவர் கையால் நூலாயின. 1964இல் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' வந்தது. அதற்கும் முன்னால், 1947இல், விபுலாநந்தர் 'யாழ் நூ'லில் வாவியின் பாடும் மீனையே நீரரமகளிராக்கி இசைக்கு இலக்கணம் சொல்லிவிட்டிருந்தார். பாடும் மீனுக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசி, கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்த பறங்கிக்குக் கிடைக்கவில்லை.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நடந்ததோடு இதை வைத்துப் பார்க்கலாம். சென்ற பகுதியில் கண்ட பழுகாமம் போன்ற ஊர்களில் கூத்தின் எழுத்து ஒருபோதும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கையை விட்டுப் போகவில்லை. கூத்துப் பழகத் தொடங்கும் நாளில் 'சட்டம் கொடுத்தல்' நடக்கும். அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதி அவரவர் கையில் கொடுக்கப்படும். மாதக்கணக்கில் பழகி, சலங்கை கட்டி, அடுக்குப் பார்த்து, வட்டக்களரியில் அரங்கேறும் இரவிலும் ஏடு பார்ப்பவர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். ஓலை உளுத்தால் கொப்பியில் இறங்கும், கொப்பி கிழிந்தால் இன்னொரு கொப்பியில் இறங்கும். திரௌபதை அம்மன் கோயில் உள்ள ஊரில் பாரதக் கதையைக் கேட்க ஆள் இல்லாமல் போகாது. எழுத்தும் ஆட்டமும் கேட்பவரும் ஒரே ஊருக்குள் இருந்தபடியால், பேராசிரியர்கள் தேடி வந்த நேரத்தில் எடுத்துக் கொடுக்க ஏடு இருந்தது. பறங்கியர் பாட்டுக்கு எழுத்து இலண்டனிலும் வாய் மட்டக்களப்பிலுமாக இரண்டு துண்டாகிக் கிடந்தது.

துண்டுகள் சேரத் தொடங்கியது 1970களில். இயன் ஸ்மித் மட்டக்களப்பில் தங்கிப் பறங்கியரின் மொழியைப் பதிவு செய்து, 1977இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அதன் ஒலியமைப்புப் பற்றி ஆய்வேடு கொடுத்தார். தமிழ் அதன் இலக்கணத்துக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதைப் பின்வந்த கட்டுரைகளில் உருபு உருபாகக் காட்டியவரும் அவரே. அமெரிக்கரான கே. டேவிட் ஜக்சன் பாட்டின் பக்கம் போனார். இலங்கையில் வாய்மொழியாகக் கேட்டதையும் நெவிலின் படியில் இருந்ததையும் ஒன்றாக வைத்துப் படித்தவர் அவர். 1987இல் ஒரு கட்டுரை, 1990இல் படியின் பாடத்தோடும் ஆய்வோடும் ஒரு நூல். நூலின் பெயர் 'வெட்கப்படாமல் பாடு' என்று பொருள்படும். 'காந்தா சென் வர்கோன்யா' என்ற கிரியோல் தொடரின் பெயர்ப்பு அது. கூச்சப்பட்ட மொழிக்கு அந்தத் தலைப்பு நன்றாகவே பொருந்தியது. 1998இல் போர்த்துக்கல்லில் வெளியான 'ஒலிகளின் பயணம்' என்ற இசைத்தட்டு வரிசையில் இலங்கைக்கென்று ஒரு தட்டை அவரே தொகுத்தார். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய 2001இல் இந்தோ-போர்த்துக்கேயப் பாட்டுகளின் தொகை நூலொன்றை வெளியிட்டு, நெவிலின் படியை மேலும் பலர் அறியச் செய்தார்.

ஜக்சனின் வெளியீடுகள் வந்த ஆண்டுகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். 1987, 1990, 1998. மட்டக்களப்பில் அவை போர் ஆண்டுகள் என்று ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஒரு விலையுயர்ந்த புத்தகம் ஊர் நூலகத் தட்டுக்கு வந்து சேர எந்த வழியும் இருக்கவில்லை. பாடியவர்களில் பலர் அதற்குள் அவுஸ்திரேலியாவுக்குப் போயிருந்தார்கள். ஒருதரம் இலண்டனுக்குப் போன பாட்டு, இன்னொருதரம் அச்சாகியும் ஊருக்கு வரவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கல்லடியை அடுத்த டச்பார், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டி. பறங்கிக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடங்களில் அது ஒன்று. அன்று காலை அங்கே போன உயிர்களோடு பாட்டுத் தெரிந்த வாய்களும் போயின. தப்பியவர்கள் பனிச்சையடி முதலிய இடங்களில் புது வீடுகளில் குடியேறினார்கள். ஒரே தெருவில் நின்ற மொழி அதனால் பல தெருக்களுக்குச் சிதறியது.

பின்னர் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்தோசோ தலைமையிலான ஒரு குழு மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அக்கரைப்பற்று போன்ற சிறு ஊர்களிலும் வீடு வீடாகப் போய்ப் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலி-ஒளிப் பதிவு செய்தது. மகேஷ் இராதாகிருஷ்ணன் அந்தக் குழுவில் இசையைக் கவனித்தார். பதிவுகள் அருகும் மொழிகளுக்கான எண்ணிம ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. இணையம் உள்ளவர் பலவற்றைக் கேட்கலாம் என்பது நெவிலின் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத வசதி. இளையவர்கள் அந்தப் பதிவுகளில் பெரும்பாலும் தமிழில் பேசுகிறார்கள். முதியவர் கிரியோலில் ஒரு சொல்லைத் தொடங்க, பேரப்பிள்ளை தமிழில் அதை முடிக்கிறது.

ஆனால் கப்ரிஞ்ஞா விடவில்லை. மொழி கைவிட்ட வீட்டிலும் கல்யாணத்தில் பிடில் எடுக்கப்படுகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் சோடியாக இறங்க, மற்றச் சோடிகள் எதிரெதிரே வரிசை பிடிக்கின்றன. பாட்டின் சொல் தெரிந்தவர் பாடுகிறார், தெரியாதவர் கடைசி அடியில் சேர்ந்துகொள்கிறார். அதற்குப் பிறகு இரவு முழுவதும் பைலா.

(அடுத்த பகுதி: மண்டூர்த் துறையும் தோணிக்காரரும்)